தீம் பார்க்கை ஒட்டி உயர்தர ஆர்.வி. முகாம்தளம்: உங்கள் கையில் விட்டால் எப்படி அமைப்பீர்கள்?

தென்றல்வழி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. மன்றத்தின் இந்தப் பகுதியில் நாம் பெரும்பாலும் டயர், பேட்டரி, காப்பீடு என்று கையைக் கடிக்கும் விஷயங்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு மாறுதலுக்காகக் கற்பனைக்கு இடம் தரும் கேள்வி ஒன்றைக் கேட்கிறேன். ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவுக்கு அருகே, பெரிய தீம் பார்க் ஒன்றின் எல்லைக்குள்ளேயே நூறு ஏக்கர் நிலத்தை உங்களிடம் ஒப்படைத்து, செலவைப் பற்றிக் கவலைப்படாமல் உயர்தரமான ஆர்.வி. (வீட்டு வசதிகளோடு சாலையில் செல்லும் வண்டி) முகாம்தளம் ஒன்றை அமைக்கச் சொன்னால், எதற்கு முதலிடம் கொடுப்பீர்கள்? எதை வேண்டவே வேண்டாம் என்று ஒதுக்குவீர்கள்?

ஒப்பிட்டுப் பார்க்க அதே ஊரிலேயே ஒன்று இருக்கிறது. வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே, நவம்பர் 19 அன்று, அதற்குள்ளேயே ஃபோர்ட் வில்டர்னெஸ் முகாம்தளமும் திறக்கப்பட்டுவிட்டது. சுமார் 750 ஏக்கர் பரப்பில், பைன் மரங்களுக்கும் சைப்ரஸ் மரங்களுக்கும் நடுவே வளைந்து செல்லும் லூப் சாலைகளின் ஓரத்தில் ஏறக்குறைய 800 முகாம் இடங்கள் அங்கே உள்ளன. பே லேக் ஏரிக்கரையில் படகேறினால் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்கா வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். மாலையில் கணப்புத் தீயைச் சுற்றிப் பாட்டு, அதன்பின் திறந்தவெளியில் படம், குதிரை லாயம், பயனியர் ஹாலில் 1974 முதல் நடந்துவரும் இரவு விருந்து நிகழ்ச்சி என்று பொழுதுபோக்குக்கும் குறைவில்லை. 1970களில் தளத்துக்குள்ளேயே நீராவி ரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பத்தாண்டோடு அது நின்றுபோனது. 1976இல் திறந்த ரிவர் கன்ட்ரி என்ற நீர்ப் பூங்காவும் 2001இல் மூடப்பட்டது. ரயிலும் நீர்ப் பூங்காவும் போன பிறகும் அங்கே இடம் பிடிப்பது எளிதாகிவிடவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மக்கள் அங்கே தேடிப் போவது மரங்களையும் படகையும்தான் என்பது என் எண்ணம்.

இதற்கு மாறாக, உயர்தரம் என்று சொல்லி இப்போது கட்டப்படும் தளங்கள் பலவற்றில் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். வாசலில் நீரூற்று, கிளப்ஹவுஸில் தோல் சோபாக்கள், நீச்சல்குளத்துக்குள்ளேயே இருந்து குடிக்கும் பார் எல்லாம் இருக்கும். ஆனால் நம் வண்டியின் ஸ்லைடு அவுட்டை (பக்கவாட்டில் நீளும் அறைப்பகுதியை) வெளியே தள்ளினால் பக்கத்து வண்டியின் ஆனிங் (நிழல் துணிக்கூரை) நுனிக்கு ஓரடிதான் மிச்சம் இருக்கும். நிலத்தை மிச்சப்படுத்திக் கட்டடத்தில் செலவிடும் இந்தப் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. என் கையில் நூறு ஏக்கர் இருந்தால், பாதியை ஏரி, சதுப்பு நிலம், மரக்கூட்டம், பொதுக் கட்டடங்கள் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மீதி ஐம்பதில் ஏக்கருக்கு ஐந்து என்ற கணக்கில் 250 இடங்களோடு நிறுத்திக்கொள்வேன். இதே நிலத்தில் இரண்டு மடங்கு இடங்களை அடைக்கக்கூடியவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

இனி உங்களிடம் கேட்க விரும்புவது: ஒவ்வோர் இடமும் எப்படி இருக்க வேண்டும்? நிழல் வேண்டுமா, திறந்தவெளி வேண்டுமா? பூங்கா வாசலுக்குப் போகவும் வரவும் என்ன ஏற்பாடு? எல்லா வகை வண்டிகளையும் உள்ளே விடுவீர்களா, பேருந்து போன்ற விலையுயர்ந்த கிளாஸ் ஏ மோட்டார்ஹோம்களுக்கு மட்டும்தானா?

நெடுஞ்சாலைவாசி எழுதியது:

நல்ல கேள்வி, தென்றல்வழி அவர்களே. இடத்தின் அமைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

உயர்தரத் தளம் என்றால் 45 அடி நீளமுள்ள மோட்டார்ஹோம், பின்னால் ஒரு காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வரும் என்பதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 60 அடியைத் தாண்டிவிடும். நான்கு சக்கரமும் தரையில் உருளும்படி காரை இழுத்து வருகிறவர் பின்னோக்கி எடுக்கவே முடியாது. முதலில் காரைக் கழற்றியாக வேண்டும். ஆகவே பதிவு அலுவலகத்தைத் தாண்டியவுடன், பின்னால் வருபவர்களை மறிக்காமல் நிறுத்திக் காரைக் கழற்றுவதற்கென்று நீளமான தனித் தடம் ஒன்று இருக்க வேண்டும். பல தளங்களில் இந்த ஒரு தடம் இல்லாததால்தான் வெள்ளிக்கிழமை மாலைகளில் வரிசை பிரதான சாலை வரை நீள்கிறது.

அடுத்தது லூப். ஃபோர்ட் வில்டர்னெஸில் எல்லா இடங்களும் பின்னோக்கி எடுத்து நிறுத்துபவைதான். நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடம் அங்கே கிடையாது. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். நேராக நுழையும் இடம் என்றால் இரு பக்கமும் சாலை வேண்டும். சாலை இரட்டிப்பானால் மரங்கள் பாதியாகும், முன்னாலும் பின்னாலும் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். பின்னோக்கி எடுப்பதைச் சுலபமாக்குவதுதான் சரியான வழி. அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருகிறார். வண்டியின் வால் இடப்பக்கமாகத் திரும்பினால் அவரால் ஜன்னல் வழியே நேராகப் பார்த்து எடுக்க முடியும், வலப்பக்கமாகத் திரும்பினால் கண்ணாடியையும் கேமராவையும் மனைவியின் கையசைப்பையும் நம்ப வேண்டியிருக்கும். லூப்பைக் கடிகாரச் சுற்றில் ஒருவழிப் பாதையாக அமைத்து, வளையத்தின் வெளிப்புறத்தில் மட்டும் இடங்களை வைத்தால் ஒவ்வோர் இடமும் ஓட்டுநரின் இடப்பக்கத்தில் வந்துவிடும். வளையத்தின் உட்புறத்தைக் காடாகவே விட்டுவிடலாம். எதிரே யாருடைய வண்டியும் முறைத்துக்கொண்டு நிற்காது.

வண்டி நிற்கும் பேட் கான்கிரீட்டாகத்தான் இருக்க வேண்டும். மத்திய ஃபுளோரிடாவின் மண் மணல். 20 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி சரளையில் ஜாக்கை (வண்டியை மட்டமாக நிறுத்தும் கால்களை) இறக்கினால் மழைக்குப் பிறகு ஒரு பக்கம் புதையும். நீளம் 70 அடி, அகலம் 20 அடி, தண்ணீர் வடிந்தோடும் அளவுக்கு மட்டும் மிக மெல்லிய சரிவு. மேலே 14 அடி வரை கிளை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, ஏனென்றால் பெரிய வண்டிகளின் உயரம் 13 அடி 6 அங்குலம் வரை வரும்.

கடைசியாக, யாரும் விளம்பரத்தில் போடாத ஒரு சங்கதி: கழிவுநீர்க் குழாயின் வாய். அது வண்டியின் இடப்பக்கத்தில், பின்பாதியில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பேட்டின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கழிவு தானாக ஓட அடிக்குக் கால் அங்குலச் சரிவு தேவை. எத்தனையோ தளங்களில் குழாய் வாய் தரைக்கு மேலே நாலு அங்குலம் துருத்திக்கொண்டிருக்கும். ஹோஸைக் கையால் தூக்கித் தூக்கி வடிக்க வேண்டியிருக்கும். ஓர் இரவுக்கு 200 டாலர் வாங்கும் இடத்தில் மனிதன் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

இடப்பக்கம் குழாய்களும் வலப்பக்கம் ஆனிங்கும் நாற்காலிகளும் என்பதால், ஒருவருடைய முற்றம் எப்போதும் அடுத்தவருடைய கழிவு ஹோஸைப் பார்த்தபடிதான் அமையும். இடையில் வேக்ஸ் மிர்ட்டில் போன்ற அந்த மண்ணுக்கே உரிய புதர்ச்செடிகளை ஆளுயரத்துக்கு வளர்த்துவிட்டால் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

ஓம்விதி எழுதியது:

மின்துறையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் என் பங்கைச் சொல்கிறேன். கிளப்ஹவுஸுக்கு ஒதுக்கிய பணத்தை டிரான்ஸ்ஃபார்மர்களுக்குத் திருப்பிவிடுங்கள்.

50 ஆம்ப் இணைப்பு என்றால் 240 வோல்ட்டில் 12,000 வாட்; 30 ஆம்ப் என்றால் 120 வோல்ட்டில் வெறும் 3,600 வாட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெயரைக் கேட்டுத் தோன்றுவதைவிடப் பெரியது. உயர்தரத் தளத்தில் எல்லா இடத்திலும் 50 ஆம்ப் இருக்கும் என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் பெட்டியில் 50 ஆம்ப் சாக்கெட் இருப்பது வேறு, அதற்குப் பின்னால் அவ்வளவு மின்சாரம் இருப்பது வேறு. அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு, எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் முழுச் சுமையை இழுக்கமாட்டா என்ற எண்ணத்தில், 36 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்கள் உள்ள தளத்துக்கு மொத்தச் சுமையில் 41 சதவீதத்தைக் கணக்கிட்டால் போதும் என்று அனுமதிக்கிறது. தென்றல்வழி அவர்களின் 250 இடங்களுக்கு முழுச் சுமை 3,000 கிலோவோல்ட்-ஆம்பியர் (இங்கே கிலோவாட் என்றே எடுத்துக்கொள்ளலாம்). 41 சதவீதம் என்றால் 1,230. ஒரு வண்டிக்குச் சராசரியாக 5 கிலோவாட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆகஸ்டு மாதப் பிற்பகலில் ஒரு பெரிய மோட்டார்ஹோமின் மூன்று ஏசிகள் மட்டுமே அதை விழுங்கிவிடும். அதற்குப் பிறகு ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், துணி உலர்த்தி எல்லாம் இருக்கின்றன. கடும் வெப்பமோ கடுங்குளிரோ உள்ள பகுதிகளில் இந்தச் சதவீதம் போதாமல் போகலாம் என்று அந்தத் தொகுப்பே குறிப்பும் தருகிறது. கட்டுகிறவர்களில் பலர் அட்டவணையைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் 70 சதவீதத்துக்கு, அதாவது 2,100க்கு வடிவமைப்பேன்.

போதாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். விளக்கு மங்கலாவதோடு போய்விடாது. லூப்பின் கடைசியில் நிற்கும் வண்டிக்கு வோல்ட்டேஜ் 120இலிருந்து 105க்கும் கீழே சரியலாம். ஏசியின் கம்ப்ரஸர் அதே வேலையைச் செய்ய அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். நல்ல பாதுகாப்புக் கருவி பொருத்திய வண்டியாக இருந்தால் கருவி இணைப்பைத் துண்டித்துவிடும். இங்கேதான் தீம் பார்க் தளத்துக்கும் மற்றத் தளத்துக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. மலைப்பக்கத்துத் தளத்தில் மின்சாரம் போனால் வண்டிக்காரர் வெளியே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். தீம் பார்க்கில் மதியம் மூன்று மணிக்குக் குடும்பம் முழுவதும் ஏதோ ஒரு சவாரிக்கு வரிசையில் நின்றுகொண்டிருக்கும். வண்டிக்குள்ளே ஏசியை நம்பி நாயை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். ஃபுளோரிடா வெயிலில் மூடிய வண்டி எவ்வளவு வேகமாகக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே என் தளத்தில் ஒவ்வொரு பெடஸ்டலிலும் (வண்டியின் பிளக்கைச் செருகும் மின்பெட்டியிலும்) மீட்டர் இருக்கும்; வோல்ட்டேஜ் சரிந்தாலோ ஒரு வண்டியின் சுமை திடீரென்று பூஜ்யமானாலோ கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை போகும்; ஊழியர் ஒருவர் கோல்ஃப் கார்ட்டில் ஐந்து நிமிடத்தில் அங்கே போய்ப் பார்ப்பார், உரிமையாளருக்கும் தொலைபேசியில் தெரிவிப்பார். வண்டியைத் திறக்க முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் கொடுத்தவர்களின் சாவி அலுவலகத்தில் இருக்கும். நீரூற்றுக்குப் பதிலாக இதை விளம்பரப்படுத்தினால் நாய் வளர்ப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுவார்கள்.

இன்னும் மூன்று செய்திகள். கோடைக்காலப் பிற்பகல்களில் அந்த வட்டாரத்தில் இடி மின்னல் அன்றாடம் போல. ஒவ்வொரு பெடஸ்டலிலும் மின்எழுச்சித் தடுப்பான் தளத்தின் செலவிலேயே இருக்க வேண்டும். நிலம் சமதளம் என்பதால் கழிவுநீர் முழுவதும் தானாக ஓடாது, பம்ப் நிலையங்கள் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அவற்றுக்கு ஜெனரேட்டர் கட்டாயம். மேலும், மின்கார்களை ஆர்.வி. பெட்டியிலேயே சார்ஜ் செய்ய விடக்கூடாது. சாக்கெட் ஒரே வகைதான் என்றாலும், ஒரு கார் மணிக்கணக்கில் விடாமல் 40 ஆம்ப் இழுத்தால் நான் போட்ட கணக்கெல்லாம் வீண். கார்களுக்குத் தனி இடம்.

வேம்படி எழுதியது:

மேலே எழுதிய இருவரும் 45 அடி வண்டியை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். நான் 24 அடி டிரெய்லர்க்காரி. எனவே கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

கிளாஸ் ஏ மட்டும், பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டி கூடாது என்ற விதிகள் உயர்தர ஆர்.வி. ரிசார்ட்களில் சகஜமாகிவிட்டன. ஓய்வுபெற்றவர்கள் மனை வாங்கிக் குளிர்காலம் முழுவதும் தங்கும் தளத்தில் அதற்கு ஏதோ நியாயம் இருக்கலாம்; அங்கே பக்கத்து வண்டியின் தோற்றம் தங்கள் மனையின் விலையைத் தொடுகிறது என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். தீம் பார்க் வாசலில் அந்த விதிக்கு என்ன வேலை? பூங்காவுக்கு வருபவர்கள் குழந்தைகளோடு வருபவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஓட்டுவது பிக்அப் பின்னால் கட்டிய டிரெய்லர். அருமையாகப் புதுப்பித்த 1960களின் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் ஒன்றைப் பத்து வருட விதியைக் காட்டித் திருப்பி அனுப்பும் தளத்தை நான் உயர்தரம் என்று சொல்லமாட்டேன். கூடாரம் அடிப்பவர்களையும் நான் விலக்கமாட்டேன். ஃபோர்ட் வில்டர்னெஸ் இந்த விஷயத்தில் இன்றுவரை சரியாக நடந்துகொள்கிறது: கூடாரக்காரர்களுக்கும் தண்ணீரும் மின்சாரமும் உள்ள இடங்கள் தனியே உண்டு, குளிரூட்டப்பட்ட குளியலறைகளும் சலவை அறைகளும் நடந்துபோகும் தூரத்தில் உண்டு.

விதி வேண்டுமானால் நடத்தைக்கு வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, ஜெனரேட்டர் கூடாது, வெள்ளை வெளிச்சம் அடுத்தவர் ஜன்னலில் விழக் கூடாது. அக்டோபரிலும் டிசம்பரிலும் இந்த ஒளி விதியைச் சற்றுத் தளர்த்தலாம்; ஹாலோவீனுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஃபோர்ட் வில்டர்னெஸில் ஒவ்வொருவரும் தத்தம் இடத்தையும் கோல்ஃப் கார்ட்டையும் அலங்கரிப்பதைப் பார்க்கவென்றே லூப் லூப்பாக நடப்பவர்கள் உண்டு. நிர்வாகம் காசு செலவழித்து உருவாக்க முடியாத பொழுதுபோக்கு அது.

நிழலைப் பற்றி. நிழல் வேண்டும், ஆனால் எல்லா மரமும் நல்ல மரமல்ல. பைன் மரத்தடியில் நிறுத்தினால் பிசின் கூரை ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். ஊசியிலைகள் ஸ்லைடு அவுட்டின் மேல் குவிந்து, உள்ளே இழுக்கும்போது ரப்பர் பட்டையைக் கிழிக்கும். லைவ் ஓக் அகலமான நிழல் தரும். ஆண்டுக்கொருமுறை வல்லுநரை வைத்துக் காய்ந்த கிளைகளைக் கழிக்க வேண்டும். செயற்கைக்கோள் வழி இணையம் வைத்திருப்பவர்களுக்குத் திறந்த வானம் தேவை என்பதால், மூன்றில் ஒரு பங்கு இடங்களைத் திறந்தவெளியாக விடலாம். ஆனால் மரத்தைவிட நம்பகமான நிழல் வண்டியினுடையதுதான். ஆனிங்கும் முற்றமும் எல்லா வண்டியிலும் வலப்பக்கம். வண்டியின் மூக்கு வடக்கே பார்த்தபடி நின்றால் முற்றம் கிழக்கே விழும். பிற்பகலில் 13 அடி உயர வண்டியே மேற்கு வெயிலை மறைத்துக்கொள்ளும். தளத்தை வரைபவர்கள் இதை யோசித்ததாக எங்கேயும் தெரியவில்லை.

சமையலுக்கு ஒரு வார்த்தை. பளிங்கு மேடையும் ஃப்ரிட்ஜும் வைத்த வெளிப்புறச் சமையலறை வேண்டாம். அவற்றை யார் எப்படித் துடைத்து வைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. நல்ல மேசை, ஒரு தண்ணீர்க் குழாய், கை கழுவத் தொட்டி, கிரில் வைக்கக் காற்று மறைப்புள்ள மேடை, இவை போதும். நம்மவர்கள் பலரிடம் பிளாக்ஸ்டோன் என்ற பெரிய கேஸ் தோசைக்கல் இருக்கிறது. காலையில் அதில் ஒரே நேரத்தில் நாலு தோசை வார்த்துவிட்டு ஒன்பது மணிப் படகைப் பிடிக்கலாம்.

கரையோரம் எழுதியது:

எல்லோரும் தளத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள். தீம் பார்க் தளத்தின் தரத்தை நிர்ணயிப்பது தளத்துக்கும் வாசலுக்கும் இடைப்பட்ட தூரம் என்பது என் கட்சி.

ஒஹாயோவில் சான்டஸ்கியில் உள்ள சீடர் பாயின்ட் பூங்காவைப் பாருங்கள். அதன் லைட்ஹவுஸ் பாயின்ட் முகாம்தளம் ஈரி ஏரிக் கரையில், பழைய கலங்கரை விளக்கத்தின் அருகே, பூங்காவை ஒட்டியே இருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கி நடந்தே பூங்காவுக்குள் போய்விடலாம். இடங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கம்தான், மரமும் அதிகமில்லை. ஆனாலும் அங்கே தங்கியவர்கள் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் அந்த நடை. அதே மாநிலத்தில் கிங்ஸ் ஐலண்டுக்கு அருகே 2021இல் திறந்த கேம்ப் சீடர், நீச்சல்குளமும் உணவகமும் அழகான குடில்களும் கொண்ட புதுவகைத் தளம். இரண்டில் எது உயர்தரம் என்று கேட்டால் பலர் இரண்டாவதைச் சொல்வார்கள். நான் முதலாவதைத் தேர்ந்தெடுப்பேன்.

காரணம் இதுதான். ஹோட்டலில் தங்குபவருக்கு அறை என்பது இரவில் படுக்கும் இடம். ஆர்.வி.யில் வருபவருக்குச் சமையலறையும் சொந்தப் படுக்கையும் மருந்துப் பெட்டியும் அங்கேயே இருப்பதால், நண்பகலில் திரும்பிவந்து சாப்பிட்டுத் தூங்கி, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் பூங்காவுக்குப் போவதுதான் முழுப் பயன். இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எழுபது வயதுக்காரர் காலை ஒன்பதிலிருந்து வாணவேடிக்கை வரை பூங்காவில் இருக்க முடியாது. மதியம் மூன்று மணி நேரம் காலை நீட்டிப் படுத்தால் இரவு வாணவேடிக்கைக்குத் தாமே முதலில் கிளம்புவார். ஆனால் ஒரு வழிப் பயணத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகிறதென்றால் யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

ஃபோர்ட் வில்டர்னெஸ் பெரிய பரப்பு. லூப்பில் உள் பேருந்து ஏறி, ஏரிக்கரைக்கோ முன்வாசல் நிலையத்துக்கோ வந்து, அங்கே படகுக்கோ வெளிப் பேருந்துக்கோ மாற வேண்டும். அங்கே கோல்ஃப் கார்ட் வாடகைக்கு அவ்வளவு கிராக்கி இருப்பதன் காரணம் இந்த மாற்றம்தான். நான் அமைத்தால் எந்த இடமும் படகுத்துறையிலிருந்தோ நிறுத்தத்திலிருந்தோ ஐந்து நிமிட நடைக்கு மேல் இருக்காது. நூறு ஏக்கரில் இது முடியும், 750 ஏக்கரில் முடியாது. கோல்ஃப் கார்ட் தனி வாடகை என்று இருக்காது. இடத்தோடு சேர்ந்தே வரும், பேட்டின் ஓரத்தில் அதற்கென்று 20 ஆம்ப் சாக்கெட்டோடு. படகுத்துறையின் மேடை படகின் தளத்தோடு மட்டமாக இருக்கும். சக்கர நாற்காலியும் தூங்கும் குழந்தையோடு தள்ளுவண்டியும் மடக்காமல் ஏற வேண்டும். இரவு வாணவேடிக்கை முடிந்தவுடன் வரும் நெரிசலுக்கு இரண்டு படகுகள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். இடி மின்னல் வந்தால் படகு நிற்கும், அது தவிர்க்க முடியாதது. அந்த நேரத்துக்குப் பேருந்து தயாராக இருக்கிறதா என்பதில்தான் நிர்வாகத்தின் தரம் தெரியும்.

ஓம்விதி அவர்கள் சொன்ன நாய்ப் பிரச்சினைக்கும் பாதித் தீர்வு இதில் இருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் திரும்ப முடிந்தால் மதியம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

தென்றல்வழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வேம்படி அம்மா சொன்ன வடக்கு நோக்கும் யோசனையையும் நெடுஞ்சாலைவாசியின் கடிகாரச் சுற்று லூப்பையும் ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். வட்டமான லூப்பில் எல்லா வண்டியும் வடக்கே பார்க்க முடியாது என்பதுதான் முதல் சிக்கலாகத் தோன்றியது. கிழக்கு மேற்காக நீண்ட லூப்பாக வரைந்தால் தென்புறத்து வண்டிகளின் மூக்கு சாலையை, அதாவது வடக்கைப் பார்க்கும். முற்றம் கிழக்கே விழும். கிழக்கு முனையில் நிற்பவர்களுக்கு முற்றம் வடக்கே விழுவதால் அவர்களுக்கும் குறையில்லை. மேற்கு முனையில் முற்றம் தெற்கே பார்க்கும். கோடையில் உச்சி வெயில் என்பதால் ஆனிங்கே சமாளித்துக்கொள்ளும். மாட்டிக்கொள்வது வடபுறம் மட்டும்தான்: அங்கே முற்றம் நேராக மேற்கு வெயிலில். அந்தப் பக்கத்தில் வண்டி இடங்களே வைக்காமல், குளியலறைக் கட்டடம், நாய்கள் உலவும் வேலியிட்ட புல்வெளி, லைவ் ஓக் நிழலில் கூடாரங்கள் என்று வைத்துவிடலாம். இதனால் 250 என்ற என் கணக்கு 200க்கு அருகில் இறங்கும். பரவாயில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் கரையோரத்தோடு உடன்படவில்லை. வாசலுக்கு நெருக்கம் என்பதற்காக மரமும் இடைவெளியும் இல்லாத இடத்தை நான் ஏற்கமாட்டேன். மதியம் திரும்பி வருவதே அமைதிக்காகத்தான். ரோலர்கோஸ்டரின் இரைச்சலும் அலறலும் கேட்கும் தூரத்தில் எழுபது வயதுக்காரர் எப்படித் தூங்குவார்? கால் மணி நேரப் படகுப் பயணம் எனக்குச் சரியான தூரமாகவே படுகிறது.

யாரும் தொடாத ஒன்று புயல். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே சூறாவளிப் பருவம்; ஆர்.வி. எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் அதில் இருந்துகொண்டு சூறாவளியைக் கடக்க முடியாது. 2017இல் இர்மா வந்தபோதும் 2022இல் இயன் வந்தபோதும் ஃபோர்ட் வில்டர்னெஸ் மூடப்பட்டது. மூடுவது சரிதான். ஆனால் உயர்தரத் தளம் என்றால், வெளியேறச் சொல்லும்போதே அதே ரிசார்ட்டின் ஹோட்டல் கட்டடத்தில் முகாம் இடத்தின் விலைக்கே ஓர் அறையை உறுதிசெய்ய வேண்டும். சாலை நெரிசலில் 45 அடி வண்டியோடு வடக்கே ஓடுவதா, விட்டுவிட்டு அறைக்குள் போவதா என்று முடிவெடுக்க மூன்று நாள் அவகாசமாவது தர வேண்டும்.

ஓம்விதி எழுதியது:

புயலுக்குப் பிறகு திரும்பி வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நிர்வாகம் ஒவ்வொரு பெடஸ்டலையும் சோதித்துப் பச்சைச் சீட்டு ஒட்டும் வரை யாரும் பிளக்கைச் செருக அனுமதிக்கக் கூடாது. நியூட்ரல் கம்பி ஒன்று தளர்ந்திருந்தால் போதும், 120 வோல்ட் சாதனங்களில் ஒரு பகுதிக்கு 200 வோல்ட் வரை பாயும்.

இடங்களை 200 ஆகக் குறைத்தது எனக்கு மகிழ்ச்சி. 2,100 கிலோவோல்ட்-ஆம்பியரைக் குறைக்காமல் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

வேம்படி எழுதியது:

தென்றல்வழிக்கு: கூடாரங்களுக்கு நல்ல மரத்தடியைக் கொடுத்ததற்கு நன்றி.

விலையைப் பற்றியும் யாராவது பேச வேண்டும் அல்லவா? ஃபோர்ட் வில்டர்னெஸின் நல்ல இடங்கள் கூட்டம் மிகுந்த நாட்களில் ஓர் இரவுக்கு 200 டாலரைத் தாண்டுகின்றன. இங்கே வரைந்திருப்பதைக் கட்டினால் 300க்குக் குறைந்து கொடுக்க முடியாது என்று நினைக்கிறேன். அது அதிகமாகத் தெரியலாம். ஆனால் தாத்தா பாட்டியோடு ஆறு பேர் கொண்ட குடும்பம் பூங்காவுக்குள்ளேயே ஹோட்டலில் தங்க இரண்டு அறை எடுக்க வேண்டும், மூன்று வேளையும் வெளியே சாப்பிட வேண்டும். அந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் ஆர்.வி.க்கு 300 கொடுக்க ஆள் இருப்பார்கள். வடபுறத்துக் கூடாரங்களுக்கு மட்டும் 100க்கு மேல் வாங்காதீர்கள். வார இறுதிக்குக் குறைந்தது மூன்று இரவு என்ற கட்டாயத்தையும் அவர்களுக்கு விதிக்காதீர்கள். பள்ளிக் குழந்தைகள் உள்ளவர்கள் வெள்ளி இரவு வந்து ஞாயிறு மதியம் கிளம்பிவிடுவார்கள்.